ஆள் எண்ண வந்தால் கோழியைக் கூப்பிடுவோம்

எங்கள் தெருவில் யாரும் கோழி வளர்ப்பதில்லை. வளர்க்க இடமும் கிடையாது. ஆனாலும் முக்கு வீட்டு மதினி வாசலில் நின்றுகொண்டு, "பா... பா... பா..." என்று கோழியைக் கூப்பிடுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். உருட்டிக்கொண்டிருந்த காகிதக் குழாய்கள் கட்டிலுக்கு அடியில் போகும். பசைச் சட்டி அடுப்படிக்குப் போகும். வாசலில் நிற்கிற பிள்ளையை இழுத்து உள்ளே விடுவோம். கடைசியாகப் பிள்ளைகளின் செருப்பு. இதை மறக்கக் கூடாது. விசாரிக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, வாசல்படியில் கிடக்கும் செருப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இது தீப்பெட்டி ஒட்டிய காலத்துப் பழக்கம். அப்போது பிள்ளைகளும் எங்களோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டும். ஜீப்பில் ஆள் வந்து, "இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு? பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்பார்கள். ஜீப் வருவது முக்கு வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். மதினிக்கு அப்போது நிஜமாகவே கோழிகள் இருந்தன. கூப்பிட்டால் அவையும் வரும், எங்களுக்கும் தெரிந்துவிடும். இப்போது எந்தப் பிள்ளையும் வேலை செய்வதில்லை, எல்லாம் படிக்கப் போகிறது. நாங்கள்தான் பட்டாசுக் கம்பெனிக்குக் குழாய் உருட்டுகிறோம். மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். என்றாலும் எங்காவது ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டால், மறுநாளே தெருத்தெருவாக ஆட்கள் வருவார்கள். யாருடைய ஆர்டர், வீட்டில் வைத்து ஏன் செய்கிறாய், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாருடையது என்று கேள்வி வரும். அதனால் கோழிகள் போன பிறகும் கோழிக் குரல் மட்டும் நிலைத்துவிட்டது.

நான் சின்னதிலிருந்தே பேசத் தெரியாதவள். அந்நிய ஆள் எதிரில் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தபால்காரரிடம்கூடத் தலையை ஆட்டித்தான் பதில் சொல்வேன். பேசாதவர்களுக்குப் பார்ப்பது அதிகம். சந்தேகமும் அதிகம்.

என் பெரிய சந்தேகம் ஆள் கணக்கைப் பற்றியது. நான் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடம் எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் இருக்கிறது. அப்போது சிவகாசிக்குப் போவதென்றால் டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவோம். இப்போது டவுனே நடந்து வந்து எங்களைத் தாண்டிப் போய்விட்டது. மாநகராட்சி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். கல் ஊன்றின இடமெல்லாம் ஏதோ ஒரு நகர். அச்சாபீசில் வேலை பார்க்கிறவர்கள், லாரி லோடு ஏற்றுகிறவர்கள், ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து பிள்ளை படிப்புக்காக வீடு மாறி வந்தவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பெல்லாம் தெருவில் ஒருவர் நடந்து போனால் யார் மகன் என்று தெரியும். இப்போது பத்துப் பேர் போனாலும் ஒருவரையும் தெரிவதில்லை.

இத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடமோ காலியாகிக்கொண்டு வருகிறது. நான் படித்தபோது மரத்தடியிலும் ஒரு வகுப்பு நடக்கும். இப்போது ஒரே அறையில் எல்லா வகுப்பும் உட்கார்ந்து, அப்புறமும் பாய் மிச்சம் இருக்கிறது. ஆள் கூடினால் பிள்ளையும் கூட வேண்டாமா? என் அம்மாவிடம் உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால் அவளே விரலை மடக்கிப் பார்த்துத்தான் சொல்வாள். இப்போது வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றையும் காலையில் மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்து வேன். ஒரே தெருவுக்கு ஒன்றன் பின் ஒன்றாக வேறு வேறு வேன்கள் வரும். வெயில் காலத்தில் அந்த வேன்காரர்களும் வீடு வீடாக வந்து, "உங்க வீட்டுல எத்தன பிள்ளைக? அடுத்த வருசம் எல்.கே.ஜி. போற பிள்ளை இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவர்களுக்கும் மதினி கோழி கூப்பிடுவாள். யார் எண்ண வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். எண்ணிவிட்டுப் போனால் எதையோ கூட்டுவார்கள், இல்லை எதையோ பிடுங்குவார்கள்.

என் வீட்டுக்கு எதிரே ஒரு லைன் வீடு இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். அங்கே பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்கள் அச்சாபீசிலும் பெண்கள் அட்டைப் பெட்டி செய்கிற இடத்திலும் வேலை பார்க்கிறார்கள். வந்த புதிதில் அவர்களையும் எனக்குச் சந்தேகம்தான். எந்நேரமும் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். உள்ளே எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அது அவர்கள் குற்றமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் சொல்லி வைத்திருக்கிறார்: யார் கேட்டாலும் இரண்டு பேர் என்றுதான் சொல்ல வேண்டும், பிள்ளை இருப்பதாகச் சொல்லவே கூடாது. ஆள் கூடுதல் என்று தெரிந்தால் வீட்டு வரி ஏறும் என்று அவருக்குப் பயம்.

அந்த லைன் வீட்டுப் பெண் குழந்தை ஒன்று என் வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எதைத் தூக்க நிற்கிறதோ என்று நான் ஒரு கண் வைத்திருப்பேன். ஒருநாள் அது மெதுவாக, "வெ... டி... பெட்... டி..." என்றது. என் அலமாரித் தட்டில் அச்சாபீஸ் கழிவுத் தாளை விரித்திருந்தேன். வெடிப் பெட்டி லேபிள் கோணலாக அச்சான தாள். அதைத்தான் இத்தனை நாளும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

நம் பள்ளிக்கூடத்து டீச்சர் லைன் வீட்டுக்குள் நுழைந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த பிள்ளை அது. இரண்டாவது படித்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப் போவாள். நானும் அதுவும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். நான் குழாய் உருட்டுவேன், அது வாய்ப்பாடு சொல்லும். தப்பாகச் சொன்னால் நான் உருட்டுவதை நிறுத்துவேன். அது புரிந்துகொண்டு முதலிலிருந்து சொல்லும்.

முழுப் பரீட்சை முடிந்த சமயம், மத்தியான வெயிலில் மதினியின் கோழிக் குரல் கேட்டது. கட்டிலுக்கு அடியில் எல்லாவற்றையும் தள்ளினேன். பிள்ளையை அடுப்படிக்கு அனுப்பினேன். கழுத்தில் அட்டை தொங்க, கையில் போனோடு ஒரு இளவயதுப் பெண் வந்து என் வாசலில் நின்றாள்.

"பாட்டி, உங்க வீட்ல படிக்கிற வயசுல பிள்ளைங்க இருக்காங்களா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்பது போலவும் இருக்கும், என்ன கேட்கிறாய் என்பது போலவும் இருக்கும். அவள் கீழே பார்த்தாள். சின்னச் செருப்பு வாசல்படியில் கிடந்தது. எப்போதும் மறக்காதவள் அன்றைக்கு மறந்திருக்கிறேன். அவள் பார்க்கும்போதே நான் கால் பெருவிரலால் அதை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு அது என்று அன்றைக்குப் பூராவும் யோசித்துக்கொண்டிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஆளை நம்பக் கூடாது என்று மதினி சொன்னாள்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்து டீச்சரே தெருவுக்கு வந்தார். அவர் முகம் சரியில்லை. மதினி வீட்டு வாசலில் நாங்கள் எல்லாரும் கூடினோம். லைன் வீட்டுக்காரரும் வந்து பைக்கில் சாய்ந்து நின்றார்.

"ஏன் இப்படிச் செஞ்சீக?" என்றார் டீச்சர். "இந்த ஏரியாவுல பிள்ளைகளே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாக. வாற ஜூன்ல ஒன்னாப்புல சேரப் பிள்ளை இல்லன்னா இங்கன எதுக்குப் பள்ளிக்கூடம்னு கேக்காக. பைபாசுக்கு அங்கிட்டு இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோட நம்மளச் சேத்துருவாக."

"எங்க பிள்ளைக எல்லாம் வேன்ல போகுது டீச்சர்," என்றாள் ஒருத்தி. "எங்களுக்கு என்ன வந்துச்சு?"

"உங்க பிள்ளை போகுது. லைன் வீட்டுல இருக்கிற சின்னதுக? அம்புட்டும் சேர வேண்டிய வயசு. அதுக எப்படி பைபாசக் கடக்கும்? லாரி நிக்குமா அதுகளுக்காக?"

லைன் வீட்டுக்காரர், "எங்க வீட்டுல பிள்ளைகளே இல்ல டீச்சர்," என்றார்.

அவர் பைக்குக்குப் பின்னாலேயே ஒரு சின்னது சைலன்சரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது. டீச்சர் அதைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவரும் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது விருந்துக்கு வந்துருக்கு," என்றார். மதினிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சர், "இன்னொரு தடவ அனுப்புதோம்னு சொல்லிருக்காக. அதுதான் கடைசி. தயவுசெஞ்சு கதவத் திறந்து வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மதினி சொன்னாள், "அந்தம்மாவுக்கு வீட்டுக்குப் பக்கத்துல வேல. பள்ளிக்கூடத்த மூடுனா ஏழாயிரம்பண்ணைக்கு மாத்திருவாக. அதான் இம்புட்டு அக்கறை."

"பிள்ளைகளுக்குன்னு சொல்லிட்டு வருவாக, வந்து குழாயப் பாப்பாக," என்றாள் இன்னொருத்தி.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. டீச்சர் மேல் எனக்கும் முழு நம்பிக்கை கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளையைக் கூட்டிப் போக அதன் அம்மா வந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சேதி தெரிந்திருந்தது. என் வாசலில் உட்கார்ந்து, தெரிந்த தமிழில் சொன்னாள்.

"ஸ்கூல் பந்த் ஆச்சுன்னா, இவ ஊருக்கு. நானி வீடு. ரோடு அந்தப் பக்கம் யார் கூட்டிட்டுப் போறது? நான் டூட்டி, இவ அப்பா டூட்டி. ரூம்ல பூட்டி வைக்க முடியாது."

பந்த் என்றால் மூடுவது, நானி என்றால் அவளுடைய அம்மா. ரயிலில் நாள் கணக்காகப் போக வேண்டிய ஊர். அங்கே போனால் படிப்பு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. அவளே சொன்னாள். "அங்க ஆடு இருக்கு, தம்பி இருக்கான். பாத்துக்குவா."

பிள்ளை என் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு எல்லாம் தெரியும். தன் அம்மாவைவிட நன்றாகத் தமிழ் தெரிந்த பிள்ளை. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போகிறாயா என்று ஒரு பார்வை பார்த்தேன். அது தலையைக் குனிந்துகொண்டது.

இரண்டாவது தடவை அந்த அட்டைக்காரப் பெண் வந்தபோது டீச்சரும் கூட வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவைத் திறந்து வைப்பார்கள் என்று நினைத்தேன். "பா... பா... பா..." என்று குரல் எழுந்தது. கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. லைன் வீட்டு வாசலில் வீட்டுக்காரர் தானே வந்து நின்றுகொண்டார். டீச்சர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். யாரும் திறக்கவில்லை. நடுத்தெருவில் வந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அட்டைக்காரப் பெண் போனை அணைத்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

என் பின்னால் அந்தப் பிள்ளை தன் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. யாரும் சொல்லாமலே செருப்பை எடுத்துவிட்டது.

எனக்கு அந்த நேரத்தில் யார் மேலும் நம்பிக்கை வந்துவிடவில்லை. அட்டைக்காரப் பெண் மேலும் இல்லை, டீச்சர் மேலும் இல்லை. ஆனால் அந்தப் போன் பைக்குள் போய்விட்டால் இந்தப் பிள்ளை ரயிலேறிவிடும் என்பது மட்டும் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. கதவைத் திறங்கள் என்றால் யார் திறப்பார்கள்?

"தண்ணி வந்துருச்சே!" என்று கத்தினேன். "நல்ல தண்ணி வந்துருச்சே!"

என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்குக் குடிதண்ணீர் வருகிற நாள் யாருக்கும் தெரியாது. வந்தால் கொஞ்ச நேரம்தான். அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. தலைக்குக் குளித்துக்கொண்டிருப்பவள்கூட ஈரத்தோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். எல்லாக் கதவும் திறந்தது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். பிள்ளைகள் வாளியும் கேனுமாக ஓடிவந்தன. லைன் வீட்டில் வீட்டுக்காரரின் இரண்டு பக்கமும் புகுந்து புகுந்து சின்னதுகள் வெளியே வந்துகொண்டே இருந்தன, ஒன்று கையில் வெறும் டம்ளரோடு. அவர் கையை விரித்துத் தடுத்துப் பார்த்தார். கக்கத்துக்குக் கீழே நுழைந்து போயின.

அட்டைக்காரப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மதினி தெருக் குழாயைத் திருகிப் பார்த்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

"ஏட்டி, தண்ணிய எங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான், "இப்பத்தான் நின்னுச்சு," என்றேன்.

"ஒரு சொட்டு ஈரம் இல்ல, நின்னுச்சாம்ல! வாயத் திறக்காதவ ஒரு நாள் திறந்தா, இப்படியா திறப்பா?"

அட்டைக்காரப் பெண் பையிலிருந்து போனை மறுபடி எடுத்தாள். என் பக்கத்தில் என் சின்னக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைக் காட்டி, "இந்தப் பொண்ணு யாரு பாட்டி?" என்று கேட்டாள்.

லைன் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம்.

"எதுத்தாப்புல லைன் வீட்டுப் பிள்ளை," என்றேன். "இங்கன ரெண்டாப்பு முடிச்சிருச்சு. அந்தா நிக்குதுகள்ல, அம்புட்டுச் சின்னதும் அங்கனதான் இருக்கு. எழுதிக்கோங்க."

அந்நிய ஆளிடம் நான் அத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. அவள் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் போய்ப் பெயர் கேட்டாள். சின்னதுகளுக்குத் தமிழ் வரவில்லை. என் பக்கத்தில் நின்ற பிள்ளை போய் ஒவ்வொன்றையும் அதன் பாஷையில் கேட்டுத் தமிழில் சொன்னது.

"நல்லா இருக்கு பெரியம்மா," என்றார் லைன் வீட்டுக்காரர், போகிற போக்கில். "நாளைக்கு எனக்கு வரி ஏறுச்சுன்னா ஓங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

பள்ளிக்கூடம் ஜூனில் திறந்தது. அடுத்த வருசம் என்ன ஆகும் என்று டீச்சருக்கே தெரியவில்லை. இந்த வருசம் இருக்கும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை ஊருக்குப் போகவில்லை. மூன்றாவதுக்குப் போகிறது. போகும்போது லைன் வீட்டுச் சின்னதுகளைக் கோழிக்குஞ்சு மாதிரி முன்னால் விரட்டிக்கொண்டு போகிறது.

ஆனால் பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் லைன் வீட்டை அளக்க டேப்போடு ஆட்கள் வந்தார்கள். மொட்டை மாடியில்கூட ஏறி அளந்தார்கள். தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அன்றைக்குப் பிள்ளைகளை எண்ணியதற்கும் இன்றைக்கு வீட்டை அளந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று டீச்சரிடம் கேட்டேன். "சேச்சே, அது வேற ஆபீசு," என்றார். வேறு ஆபீசுதான். ஆனால் அந்தப் போனிலிருந்து எது எங்கே போகிறது என்று டீச்சருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அந்தப் பெண் அன்றைக்கும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

பொய்யாகத் தண்ணீர் என்று கத்தியதைத் தெரு மன்னிக்கவில்லை. மற்ற எதையும் மன்னித்திருப்பார்கள். ஒரு தடவை நிஜமாகவே தண்ணீர் வந்து நான் சொன்னபோது ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் நிதானமாக எல்லாக் குடத்தையும் நிரப்பிக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். மதினி கோழியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்தக் குரல் வெளியாட்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா. ஆனாலும் ஆள் வந்தால் தெரு முன்போலவே சட்டென்று அடங்குகிறது. அப்படியென்றால் வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள். என்ன என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தால் அதுவோ என்று பார்ப்பேன். ஒருத்தி இருமினால் அதுவோ என்று பார்ப்பேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் நான் குழாய் உருட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை வாசல் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. வெளியே மதினி, "சூ... சூ..." என்று காக்கையை விரட்டினாள். வெயிலில் வடகம் காய்கிற காலம், எல்லா வீட்டிலும் காக்கை விரட்டுகிறார்கள். நான் என் பாட்டுக்கு உருட்டினேன்.

பிள்ளை எழுந்தது. படியில் கிடந்த தன் செருப்பை உள்ளே எடுத்துப் போட்டது. என் செருப்பை விட்டுவிட்டது. கதவைப் பாதி சாத்தியது. பிறகு குனிந்து, என் குழாய்க் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் தள்ள ஆரம்பித்தது.

"என்னத்துக்குட்டி? காக்காயத்தான விரட்டுதா?"

"பேசாம இருங்க ஆச்சி," என்றது மெதுவாக.

"ஒனக்கு யாரு சொன்னா?"

அது உதட்டில் விரலை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். வடகம் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் காக்கை எதுவும் இல்லை.